மிளகாய்ச் செடிக்கு விளக்கு: மான்செஸ்டர் அறைக்கும் ஆயர் ஈத்தாம் பால்கனிக்கும்

பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மான்செஸ்டரில் படிக்கும் அவருடைய மகன் மே மாதம் விதை போட்டு வளர்த்த சிலி பாடி என்ற சிறுமிளகாய்ச் செடி இப்போது ஒரு முழ உயரம் நிற்கிறதாம். குளிர்காலத்தில் அது பிழைக்க விளக்கு வேண்டும் என்கிறானாம். இங்கே ஊதா நிறத்தில் எரியும் ‘1000 வாட்’ விளக்கு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, அவருடைய வடக்குப் பார்த்த பால்கனியில் இருக்கும் செடி ஆண்டுதோறும் அக்டோபர் வந்தால் பூப்பதை நிறுத்திவிடுகிறது, அதற்கும் விளக்கு உதவுமா என்பது.

அந்த ஊதா விளக்கை வாங்காதீர்கள், அம்மா. பதில் நீளமானது; படித்து முடிப்பதற்குள் தள்ளுபடி முடிந்துவிடும் என்று அவசரப்பட்டு வாங்கிவிடப் போகிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எல்.இ.டி. தயாரிக்கும் ஆலை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குளுகோரில் அடுக்குமாடி வீட்டில் ஒன்பது மிளகாய்த் தொட்டிகளோடு வாழ்கிறேன். விளக்கும் தெரியும், மிளகாயும் தெரியும். இரண்டும் தெரிந்தபின்பும் ஓர் ஊதா விளக்கை வாங்கி ஏமாந்தவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் தம்பி முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அந்தச் செடி என்ன செய்ய வேண்டும்? தூங்க வேண்டுமா, விழித்திருந்தால் போதுமா, காய்க்கவும் வேண்டுமா? மிளகாய் ஓராண்டுப் பயிர் என்று குளிர்நாட்டுக்காரர்கள் நினைப்பதற்குக் காரணம் உறைபனி அதைக் கொன்றுவிடுவதுதான். நம் ஊரில் ஒரே சிலி பாடிச் செடி மூன்று நான்கு ஆண்டுகள் மரம் போலத் தண்டு முற்றி நிற்பதைக் கொல்லைகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே அதைக் காப்பாற்றி வைப்பது இயற்கைக்கு விரோதமான காரியமில்லை.

தூங்க வைப்பவர்கள் கிளைகளையெல்லாம் கவட்டை மட்டும் நிற்கும்படி வெட்டிவிட்டு, 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியுள்ள இடத்தில் வைத்து, மண் முற்றிலும் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் கொடுப்பார்கள். இலையே இல்லாத செடிக்கு ஒளித் தேவை மிகக் குறைவு. சன்னல் வெளிச்சமே போதும். ஆனால் இது தம்பிக்கு ஒத்துவராது. அவன் இருப்பது மாணவர் விடுதி அறை. 19, 20 டிகிரிக்கு வெப்பமூட்டிய அறையில் மிளகாய் தூங்காது. வெட்டிய இடத்திலிருந்து துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் துளிருக்கு வெளிச்சம் கிடைக்காமல் வெளிறி நீண்டு, பிப்ரவரிக்குள் சேமித்த சத்தையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாகும். மேலும் முதல் ஆண்டுச் செடிக்குத் தண்டு இன்னும் முற்றியிருக்காது. எனவே அவன் செடியை விழித்திருக்க வைக்கத்தான் வேண்டும். விழித்திருக்கும் செடிக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும், அந்தச் சாப்பாடுதான் ஒளி.

எவ்வளவு? ஒளியை மழை போல நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நொடி எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பது ஒரு கணக்கு; முற்றத்தில் வைத்த அண்டாவில் மாலைக்குள் எவ்வளவு சேர்ந்தது என்பது இன்னொரு கணக்கு. செடி பார்ப்பது அண்டாவை. பெய்யும் வேகத்தைச் சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்றும், அண்டாவில் சேர்ந்ததை நாளொன்றுக்கு இத்தனை மோல் என்றும் சொல்வார்கள். மோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் அலகு; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். மிளகாய்ச் செடி தழைத்து நிற்க நாளுக்கு 10 முதல் 12 மோல் வேண்டும். ஒழுங்காகப் பூத்துக் காய்க்க 20-ஐ எட்ட வேண்டும். பினாங்கில் திறந்த வெளியில் சாதாரண நாளில் 30 முதல் 40 மோல் வரை கொட்டுகிறது. நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வெயில் என்று திட்டுவதோடு சரி. மான்செஸ்டர் இருப்பதோ 53 டிகிரி வடக்கில். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம், அதிலும் பாதி மேகமூட்டம். வெட்டவெளியிலேயே 5 மோலைத் தாண்டுவது அபூர்வம். சன்னல் கண்ணாடிக்கு உள்ளே அதில் பாதி வந்தால் அதிகம். ஆக, ஏறக்குறைய முழுச் சாப்பாட்டையும் விளக்குதான் போட வேண்டும்.

நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 14 மணி நேரம் ஒளி கொடுத்தால் 10 மோல் சேரும். 350 வீதம் 16 மணி நேரம் கொடுத்தால் 20 மோல். இந்த இரண்டு வரிகளையும் தம்பி சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். முதல் வரி செடியைக் காப்பாற்றும், இரண்டாவது வரி சட்னிக்குக் காய் தரும். பெரும்பாலான மிளகாய் வகைகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை அல்ல என்பதால், வேகம் குறைந்த விளக்கை அதிக நேரம் எரித்து ஈடுகட்ட முடியும். ஆனால் 24 மணி நேரமும் எரிக்க வேண்டாம். ஆறு மணி நேரமாவது இருட்டு இருக்கட்டும், செடிக்கும் தம்பிக்கும்.

இனி வாட் கதைக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் 1000 என்பது விளக்கு இழுக்கும் மின்சாரமே இல்லை. உள்ளே ஒளிவிடும் சில்லுகள் அதிகபட்சமாக எவ்வளவு தாங்கும் என்பதைக் கூட்டிப் போட்ட எண்ணாக இருக்கலாம், பழைய காலத்துச் சோடியம் விளக்கோடு ஒப்பிட்டுச் சொன்ன எண்ணாக இருக்கலாம், விற்பவரின் கற்பனையாகவும் இருக்கலாம். நான் வாங்கியதிலும் 1000 என்றுதான் போட்டிருந்தது. சுவர்ச் செருகியில் மின்அளவியை மாட்டிப் பார்த்தேன். 94 வாட். வேலைக்காலத்தில் ஆயிரக்கணக்கான சில்லுகளின் மின்னோட்டத்தை அளந்த எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏமாற்றம் அதோடு முடியவில்லை. ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். எல்லா இலையும் கறுப்பு. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பால்கனிக்குத் தூக்கிவந்தபோதுதான், இலைகளின் மேல்புறம் ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் இருப்பதைக் கண்டேன். இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படை, அதற்குள் சிவப்புச் சிலந்திகள். வெள்ளை வெளிச்சமாக இருந்திருந்தால் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும். வீட்டுக்குள் வளரும் செடியை மழை கழுவாது, எதிரிப் பூச்சி வந்து காப்பாற்றாது. நம் கண்தான் காவல். அந்தக் கண்ணைக் கட்டிவிடும் விளக்கை நான் செடிக்கான விளக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊதா நிறம் எப்படி வந்தது என்றால், பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சுகிறது என்ற பாடப்புத்தக வரைபடத்திலிருந்து வந்தது. பச்சை ஒளி வீண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை பயன்படுத்திக்கொள்கிறது. இலையின் அடி அடுக்குகளுக்கும் கீழே நிழலில் இருக்கும் இலைகளுக்கும் அதுதான் அதிகம் போய்ச் சேர்கிறது.

வெள்ளை எல்.இ.டி.யைப் பற்றி ஆலைக்குள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெள்ளை ஒளி தரும் சில்லு என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாம் நீலச் சில்லுதான். கடுகை விடச் சற்றுப் பெரிய குழிக்குள் நீலச் சில்லை ஒட்டி, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, அதன்மேல் மஞ்சள் நிற ஒளிர்பொடி கலந்த பிசினை ஒரு சொட்டு விடுவோம். எரியாதபோது பார்த்தால் முட்டையின் மஞ்சள் கரு போல இருக்கிறதே, அதுதான் அது. நீல ஒளியில் ஒரு பங்கு அப்படியே தப்பி வெளியே வரும். மீதியை அந்தப் பொடி வாங்கி, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மாற்றி விடும். எல்லாம் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய மூன்று பேருக்குக் கிடைத்தபோது எங்கள் கேண்டீனில் தேநீர் வழக்கத்தை விட இனிப்பாக இருந்ததாக எனக்கு நினைவு. சொல்ல வந்தது இதுதான்: செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் வெள்ளை விளக்குக்குள்ளேயே இருக்கின்றன.

அப்படியானால் எல்லா வெள்ளை விளக்கும் ஒன்றுதானா? இல்லை. ஒரே வட்டிலிருந்து வெட்டிய சில்லுகள்கூட ஒரே மாதிரி எரிவதில்லை. ஒவ்வொன்றையும் எரித்து, ஒளியளவு, நிறம், மின்னழுத்தம் மூன்றையும் அளந்து, இயந்திரம் தனித்தனிப் பெட்டிகளில் பிரித்துப் போடும். மாவு சலிப்பது போலத்தான். மேல்தரப் பெட்டி நல்ல விலைக்குப் போகும். கீழ்த்தரப் பெட்டியும் குப்பைக்குப் போகாது, யாராவது வாங்குவார்கள். பெட்டியின்மேல் பெரிய நிறுவனத்தின் சில்லு என்று எழுதியிருந்தாலும் எந்தப் பெட்டிச் சில்லு என்று எழுதியிருக்காது. அதனால் சில்லின் பெயரைப் பார்க்காமல், ஒரு ஜூல் மின்சாரத்துக்கு (ஒரு வாட் விளக்கு ஒரு நொடியில் இழுப்பது) எத்தனை மைக்ரோமோல் ஒளி என்று விளக்கில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2.5-க்கு மேல் என்றால் நல்ல விளக்கு. சாதாரண வீட்டு எல்.இ.டி. குமிழ் 1.3, 1.4 அளவில் இருக்கும். அந்த எண்ணையே போடாத விளக்குக்காரர் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தம்பிக்கு ஒரே செடி. அதன் தலை 40 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், நல்ல விளக்கில் உண்மையான 20 முதல் 25 வாட் செடியைக் காப்பாற்றும். 35 வாட் இருந்தால் காய்க்கவும் வைக்கும். இரண்டு மூன்று தொட்டிகளை 60 செ.மீ. சதுரத்தில் நெருக்கி வைத்துக் காய் பறிக்க வேண்டுமென்றால் 75 வாட். இந்தக் கணக்கில் 1000 வாட்டுக்கு இடமே இல்லை. நிறம் 3500 அல்லது 4000 கெல்வின் எதுவானாலும் சரி (இந்த எண் குறைந்தால் வெள்ளையில் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல்). கூடவே நான்கைந்து அடர்சிவப்புச் சில்லுகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மிளகாய் கோபித்துக்கொள்ளாது. 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் அதிகம் என்பதால் நாற்று குட்டையாக, கட்டுக்கோப்பாக வளரும்; ஆனால் தூங்கும் அறையில் அது மருத்துவமனை வார்டு மாதிரி இருக்கும். காசு நெருக்கடி என்றால் மேசை விளக்கில் 15 வாட் வீட்டுக் குமிழ் இரண்டை மாட்டி, இலைக்கு ஒரு சாண் மேலே வைத்தாலே பிழைப்பு ஓடும். சட்டைப் பையில் குத்தும் பேனா மாதிரி மேசை விளிம்பில் கவ்வும், கழுத்து வளையும் விளக்குகள் இருக்கின்றனவே, கைபேசி மின்னூட்டியில் செருகுபவை, அவை துளசி நாற்றுக்குத்தான் லாயக்கு.

அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டாம். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, உச்சி இலையின் உயரத்தில் திரை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்தால் போதும். கிடைக்கும் லக்ஸை 70-ஆல் வகுத்தால் வெள்ளை எல்.இ.டி.க்கு மைக்ரோமோல் கணக்கு வந்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200. சூரிய ஒளிக்கு 54-ஆல் வகுக்க வேண்டும். கைபேசிக்குக் கைபேசி வித்தியாசம் உண்டு, ஆனாலும் கண்ணை நம்புவதைவிட எவ்வளவோ மேல். கண் பெரிய பொய்யன். குழல்விளக்கு எரியும் நம் கூடம் ‘நல்ல வெளிச்சம்’ என்கிறோமே, அங்கே இருப்பது 300 லக்ஸ். நண்பகல் வெயில் ஒரு லட்சம். கண் இரண்டையும் சமாளித்துக்கொள்வதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, இலைக்கு உறைக்கும். ஊதா விளக்கின்கீழ் இந்த அளவு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நீலத்தையும் சிவப்பையும் அது குறைத்துத்தான் எண்ணும்.

அளக்கவே சோம்பல் என்றால் செடியே சொல்லும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு விளக்கை நோக்கி வளைந்தால் ஒளி போதவில்லை. உச்சி இலைகள் வெளிறி, ஓரங்கள் மேல்நோக்கித் தோணி போல மடிந்தால் விளக்கு மிக அருகில் இருக்கிறது. பட்டை விளக்கானால் 30 செ.மீ. உயரத்தில் தொடங்கி, வாரம் ஒருமுறை பார்த்து ஏற்றி இறக்கலாம்.

அனுப்புவதைப் பற்றி. நம் மூன்று முனைச் செருகியும் அவர்களுடையதும் ஒன்றே. மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே வாங்கிய விளக்கு அங்கே அப்படியே எரியும். (ஆஸ்திரேலியாவில் மகன் இருந்திருந்தால் செருகி மாற்றி வேண்டியிருக்கும்.) ஆனாலும் அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். பழுதானால் திருப்பிக் கொடுக்க முடியும். விளக்கோடு ஒரு நேரக் கட்டுப்பாட்டுச் செருகியும் வாங்கட்டும். பரீட்சை நேரத்தில் விளக்கைப் போட்டு அணைக்க யாருக்கும் நினைவிருக்காது. மின்கட்டணத்தை அவன் கட்டுவதானால்: 30 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 12.6 யூனிட். யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று போட்டால் மூன்று பவுண்டும் கொஞ்சமும். உறைக்குள் கொஞ்சம் மிளகாய் விதை போட்டு அனுப்பும் யோசனை உங்களுக்கு வந்திருந்தால் அதைக் கைவிடுங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத விதையைப் பறித்துக்கொள்வார்கள்.

அறையில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. அந்த ஊர்க் கட்டடங்களில் வெப்பமூட்டி பெரும்பாலும் சன்னலுக்குக் கீழேயே இருக்கும். சன்னல் மேடையில் வைத்த தொட்டிக்கு இரவில் கண்ணாடியிலிருந்து குளிர், கீழேயிருந்து வறண்ட அனல். விளக்கு இருக்கும்போது சன்னலே தேவையில்லை. அறையின் உள்மூலையில் வைக்கட்டும். தண்ணீரை இங்கே ஊற்றுவது போலத் தினமும் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். குளிர்காலத்தில் விளக்கின்கீழ் சாகும் செடிகளில் பெரும்பகுதி வேர் அழுகித்தான் சாகின்றன. பழி விளக்கின்மேல் விழுகிறது.

இனி உங்கள் பால்கனி. பினாங்கில் குளிர்காலம் கிடையாது என்று யார் சொன்னது? வடக்குப் பார்த்த பால்கனிக்கு உண்டு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தேகால் டிகிரிக்குச் சற்று மேல். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போகிறது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மறுபடி உச்சந்தலையைக் கடந்து தெற்கே திரும்புகிறது. அதிலிருந்து ஏப்ரல் வரை, கிட்டத்தட்ட ஏழு மாதம், நண்பகல் வெயில் உங்கள் கட்டடத்தின் முதுகில்தான் விழும். செப்டம்பரில் வெயில் நிற்கிறது, இருக்கும் மொட்டுகளை வைத்துச் செடி சில வாரம் ஓட்டுகிறது, அக்டோபரில் பூ நிற்கிறது. உங்கள் செடிக்கு நோயில்லை. என்னுடைய வடக்குப் பால்கனியில் உள்ளே ஒரு மீட்டர் தள்ளி நவம்பர் நண்பகலில் அளந்தபோது 3,000 லக்ஸ்தான் இருந்தது. நாள் முழுதும் சேர்த்தாலும் 2 மோல். மான்செஸ்டர் சன்னலுக்கு உள்ளேயும் அவ்வளவுதான். ஆகவே தம்பிக்குச் சொன்ன அதே 200 மைக்ரோமோல், அதே 14 மணி நேரம்தான் உங்களுக்கும். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஆறு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்.

பால்கனியில் சாரல் அடிக்கும். ஐ.பி. 65 என்று குறியிட்ட, தூசியும் தண்ணீர்ச் சாரலும் உள்ளே புகாத விளக்கையே வாங்குங்கள். செருகியை வீட்டுக்கு உள்ளே வைத்து, மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை அதிகாலை 4 முதல் மாலை 6 வரை வையுங்கள். நான் முதலில் பகல் 10 மணி முதல் நள்ளிரவு வரை வைத்திருந்தேன். அக்டோபரில் ஒரு மாலை, நல்ல மழை விட்ட பிறகு, ஊரிலுள்ள ஈசலெல்லாம் என் மிளகாய்ச் செடிக்கு வந்துவிட்டது. பல்லிகளுக்குத் தீபாவளி. மறுநாள் காலை சிறகுகளைப் பெருக்கி அள்ளும்போது வீட்டுக்காரி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஆனால் விளக்குக்குச் செலவு செய்யும் முன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பால்கனி தெற்கு பார்த்தது. உங்களுக்கு இருட்டும் ஏழு மாதமும் அவர்களுக்கு வெயில். எங்கள் மாடியில் எதிர் வீட்டுச் சீனப் பாட்டியும் நானும் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு இது: செப்டம்பர் நடுவில் என் தொட்டிகளில் ஐந்து அவருடைய பால்கனிக்குப் போகும், ஏப்ரலில் அவருடைய பண்டான், சிலி எல்லாம் இந்தப் பக்கம் வரும். காய் பாதிப் பாதி. மீதி நான்கு தொட்டிகளுக்குத்தான் எனக்கு விளக்கு. அவருக்குத் தண்ணீர் ஊற்றும் கை கொஞ்சம் தாராளம் என்பது ஒன்றுதான் குறை; போன ஆண்டு ஒரு செடியின் வேர் அழுகியது. பாட்டியிடம் சொல்லவில்லை.

தம்பி காய்க்க வைக்கத் துணிந்தால் அவனுக்குக் கடைசியாக ஒரு வேலை. அறைக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்கும் என்றாலும் யாராவது அதை உலுக்க வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து, பூக்காம்பைப் பழைய பல்துலக்கியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். பூவின்கீழ் வைத்த வெள்ளைத் தாளில் மஞ்சள் தூள் விழுந்தால் பூ தயார். மார்ச்சில் பகல் நீளத் தொடங்கியதும் விளக்கின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆனால் மே மாதக் கடைசி வரை செடியை வெளியே வைக்க வேண்டாம். ஏப்ரலில் வெயில் அடிக்கிறது என்று நம்பி வெளியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வெந்த கீரை போலத் தொங்கும் செடியைப் படம்பிடித்து அம்மாவுக்கு அனுப்பும் பிள்ளைகள் நிறைய.